பின்பட்டன் ஃபோகஸ்: குமரிக் கடற்கரையில் ஏ7 மார்க் 3 உடன் பல வருட அனுபவம்

பின்பட்டன் ஃபோகஸ், அதாவது கேமராவின் பின்னால் இருக்கிற பட்டனால் ஃபோகஸ் செய்வது பற்றிக் கேட்கிறவர்களுக்கு எந்தப் பட்டனை அழுத்த வேண்டும் என்று சொல்லிக் கொடுப்பது சுலபம். அந்தப் பட்டனை எப்போது விட வேண்டும் என்பதைச் சொல்லத்தான் நேரம் பிடிக்கிறது. கடற்கரையில் எனக்குக் கிடைத்த நல்ல படங்களில் பெரும்பாலானவை, கட்டைவிரலைச் சரியான நொடியில் எடுத்ததால் கிடைத்தவை. இந்தப் பதிவில் அதைத்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்லப்போகிறேன்.

நாகர்கோவில் பக்கம் கல்யாண வேலைதான் எனக்குப் பிழைப்பு. முகூர்த்தம் இல்லாத நாட்களில் விடியும் முன்பே கடற்கரைக்கோ குளத்துக்கோ கிளம்பிவிடுவேன். கையில் இருப்பது சோனி ஏ7 மார்க் 3. 2018-ல் வெளிவந்த பாடி (லென்ஸ் தவிர்த்த கேமரா), நான் வாங்கியது 2019-ல். கல்யாணத்துக்கு டாம்ரான் 28-75 மி.மீ. எஃப்/2.8 லென்ஸ், பறவைக்கும் கடலுக்கும் சோனி 200-600 மி.மீ. லென்ஸ். இதைவிடப் புதிய பாடிகள் எத்தனையோ வந்துவிட்டன. ஆனால் இதைச் செகண்ட் ஹேண்டில் வாங்கி ஓட்டுகிறவர்கள் நம் பக்கம் நிறைய பேர் இருக்கிறார்கள். அவர்களுக்கும், வேறு பிராண்டு வைத்துக்கொண்டு இந்தப் பழக்கத்துக்கு மாறலாமா என்று யோசிப்பவர்களுக்கும் உதவும் என்று நினைக்கிறேன்.

கடையிலிருந்து வரும்போது எந்தக் கேமராவிலும் ஷட்டர் பட்டனுக்கு இரண்டு வேலை. பாதி அழுத்தினால் ஃபோகஸ், முழுசாக அழுத்தினால் படம். அதாவது ஒவ்வொரு முறை படம் எடுக்கப் போகும்போதும் கேமரா புதிதாக ஃபோகஸ் தேடும். பின்பட்டன் முறையில் ஃபோகஸ் வேலையை ஷட்டரிலிருந்து பிடுங்கி, பின்னால் கட்டைவிரல் படுகிற இடத்தில் உள்ள பட்டனுக்குக் கொடுத்துவிடுகிறோம். ஷட்டருக்குப் படம் எடுப்பது மட்டும்தான் வேலை. இது மிரர்லெஸ் (உள்ளே கண்ணாடி இல்லாத டிஜிட்டல் கேமரா) காலத்துப் புதுமை என்று சிலர் நினைக்கிறார்கள். ஃபிலிம் காலத்திலேயே, 1989-ல், கேனன் தன் இஓஎஸ் 630-ல் இதைக் கொண்டுவந்துவிட்டது.

ஏ7 மார்க் 3-ல் அமைப்பது இரண்டு நிமிட வேலை. முதல் கேமரா மெனுவில் ஏஎஃப் (ஆட்டோஃபோகஸ்) பக்கங்களுக்குப் போய் 'ஏஎஃப் வித் ஷட்டர்' என்பதை ஆஃப் செய்யுங்கள். பின்னால் ஏஎஃப்-ஆன் என்று தனிப்பட்டனே இருப்பதால் அதற்கு எதையும் மாற்றிக் கொடுக்கத் தேவையில்லை. பலர் இதோடு நிறுத்திவிடுவார்கள். அதே பக்கங்களில் 'ப்ரீ-ஏஎஃப்' என்று ஒன்று இருக்கிறது, அதையும் கட்டாயம் ஆஃப் செய்ய வேண்டும். அது ஆனில் இருந்தால் நாம் எதையும் அழுத்தாமலேயே லென்ஸ் தானாக ஃபோகஸ் தேடிக்கொண்டே இருக்கும். கட்டைவிரலை எடுத்தும் ஃபோகஸ் நிற்கவில்லை என்று புலம்புகிறவர்களின் கேமராவை வாங்கிப் பார்த்தால் பெரும்பாலும் காரணம் இதுதான். ஆஃப் செய்தால் பேட்டரியும் கொஞ்சம் மிச்சமாகும்.

அப்புறம் ஃபோகஸ் மோடு. அதை ஏஎஃப்-சி-யிலேயே (தொடர்ந்து ஃபோகஸ் தேடுகிற மோடு; ஒருமுறை பிடித்து நிற்பது ஏஎஃப்-எஸ்) வைத்துவிடுங்கள். பின்பட்டனின் பெரிய வசதியே இங்கேதான். ஓடுகிற ஆளுக்கு ஏஎஃப்-சி, நிற்கிற கோபுரத்துக்கு ஏஎஃப்-எஸ் என்று மாற்றி மாற்றிப் போட வேண்டியதில்லை. பட்டனைப் பிடித்துக்கொண்டே இருந்தால் தொடர் ஃபோகஸ். ஒருமுறை அழுத்தி விட்டுவிட்டால் ஃபோகஸ் அங்கேயே நிற்கும். சிங்கிள், கண்டினியூவஸ் இரண்டும் ஒரே விரலில்.

இது எங்கே உயிரைக் காப்பாற்றுகிறது என்றால், கரமடி இழுக்கிற இடத்தில். பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன்: வலையைக் கடலில் வளைத்துப் போட்டுவிட்டு, அதன் இரண்டு முனைக் கயிறுகளையும் கரையில் நின்று இரண்டு கூட்டமாக இழுப்பார்கள். கயிற்றின் முன்வரிசையில் இருப்பவர் இடுப்பளவு தண்ணீரில் நிற்பார். நனைந்த கயிறு அவர் தோளில் அழுந்திக் கிடக்கும். நான் பக்கவாட்டில் நின்று 400 மி.மீ.-ல் அவர் முகத்தைப் பிடிப்பேன். அபெர்ச்சர் எஃப்/8, ஷட்டர் வேகம் 1/1600 நொடி. முகத்தில் ஃபோகஸ் உட்கார்ந்ததும் கட்டைவிரலைப் பிடித்தபடியே காத்திருப்பேன். ஒரு அலை வந்து உடைகிறது. அவருக்கும் எனக்கும் நடுவில் வெள்ளை நுரை ஆள் உயரத்துக்கு எழும்புகிறது. ஆட்டோஃபோகஸுக்கு வெள்ளை நுரை என்றால் கொண்டாட்டம். வெளிச்சமும் இருட்டும் நன்றாகப் பிரிந்து தெரிகிற பொருள் அது, உடனே அதன்மேல் பாய்ந்துவிடும். நுரை எழும்பத் தொடங்குகிற அந்த நொடியில் கட்டைவிரலை எடுத்துவிடுகிறேன். ஷட்டரை விடாமல் அழுத்திக்கொண்டே இருக்கிறேன். ஃபோகஸ் அவர் நிற்கிற தூரத்திலேயே பூட்டிக் கிடக்கிறது. துளிகள் முன்னால் மங்கலாகச் சிதற, பின்னால் அவருடைய கண், பல்லைக் கடித்த தாடை, தோளில் கயிறு எல்லாம் ஷார்ப்பாக வந்து விழுகிறது.

ஏன் இது வேலை செய்கிறது என்பதற்குக் கணக்கும் இருக்கிறது. 400 மி.மீ., எஃப்/8, ஆள் 40 மீட்டர் தூரம் என்றால் இந்தக் கேமராவின் ஃபுல் ஃப்ரேம் (35 மி.மீ. ஃபிலிம் அளவு) சென்ஸாரில் ஏறக்குறைய நாலரை மீட்டர் ஆழத்துக்குப் படம் தெளிவாக இருக்கும். கயிறு இழுக்கிறவர் ஒரு நொடியில் அவ்வளவு தூரம் நகரப் போவதில்லை. எனவே விரலை எடுத்துவிட்டு ஒரு நொடி, ஒன்றரை நொடி குருட்டுத்தனமாகச் சுட்டாலும் ஃபோகஸ் கெடாது. நுரை அடங்கியதும் மறுபடி கட்டைவிரலை வைத்துவிட வேண்டும்.

ஷட்டர் பாதி அழுத்த முறையில் இதைச் செய்யவே முடியாதா என்றால், ஏஎஃப்-சி-யில் ஷட்டரை மட்டும் வைத்து முடியாது. ஷட்டர் அழுத்தி இருக்கிற வரைக்கும் கேமரா தேடிக்கொண்டே இருக்கும். 'ஏஎஃப் ட்ராக் சென்ஸ்' என்பதை 1-ல் வைத்தால் குறுக்கே வருவதை ஓரளவு கண்டுகொள்ளாமல் இருக்கும். நானும் அதை 2-ல்தான் வைத்திருக்கிறேன். ஆனால் முழு அலை ஒன்று முகத்தை மறைத்து நிற்கும்போது எந்த அமைப்பும் கொஞ்ச நேரத்துக்கு மேல் தாங்காது. என்ன வரப்போகிறது என்று கேமராவுக்குத் தெரியாது. அலையைப் பார்த்து வளர்ந்த நமக்குத் தெரியும். ஒருமுறை பின்திரையில் படத்தைப் பார்த்த வயசாளி ஒருவர், "மக்கா, தண்ணி மொகத்துல அடிக்கும்போதும் ஆளு எப்பிடி இவ்வளவு தெளிவா இருக்கான்?" என்று கேட்டார். கட்டைவிரலைக் காட்டினேன். அவர் அதை நம்பினாரா என்று தெரியவில்லை.

குளச்சலிலோ முட்டத்திலோ வள்ளம் அலையை ஏறிக் கடக்கிற காட்சிக்கும் இதே முறைதான். ஒரே வித்தியாசம், வள்ளம் நம்மை விட்டு வேகமாக விலகிப் போகும். அங்கே விரலை எடுக்கிற நேரம் மிகக் குறுகலாக இருக்க வேண்டும், அரை நொடிக்குள் மறுபடி அழுத்திவிட வேண்டும்.

பறவைகளுக்கு வருவோம். சுசீந்திரம்-தேரூர் குளங்கள் 2022-ல் ராம்சர் பட்டியலில் (உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் பட்டியல்) சேர்ந்தபிறகு லென்ஸோடு வருகிறவர்கள் அதிகமாகிவிட்டார்கள், நல்லதுதான். தேரூர் குளக்கரையில் கரண்டுக் கம்பியில் மீன்கொத்தி உட்கார்ந்திருக்கும். உட்கார்ந்திருக்கும் பறவைக்கு ஒரு செட்டிங், பறக்கும் பறவைக்கு வேறு செட்டிங். அது எப்போது கிளம்பும் என்று நமக்குச் சொல்லிவிட்டுக் கிளம்பாது. இங்கேதான் கஸ்டம் கீ, அதாவது நாமே வேலை ஒதுக்கிக்கொள்கிற பட்டன், தன் மதிப்பைக் காட்டுகிறது.

ஏ7 மார்க் 3-ல் 'ரெஜிஸ்டர் கஸ்டம் ஷூட் செட்' என்று ஒரு வசதி இருக்கிறது. ஷட்டர் வேகம், டிரைவ் (ஒற்றைப் படமா, தொடர் படமா), ஃபோகஸ் ஏரியா, ஐஎஸ்ஓ என்று செட்டிங்குகளின் ஒரு முழுத் தொகுப்பை மொத்தமாகப் பதிந்து வைக்கலாம். அந்தப் பட்டியலின் கடைசியில் 'ஏஎஃப் ஆன்' என்றும் ஒன்று வரும். அதையும் டிக் செய்துவிடுங்கள். பிறகு இந்தத் தொகுப்பை ஒரு பட்டனுக்கு 'ரீகால் கஸ்டம் ஹோல்டு 1' என்று கொடுத்துவிட்டால், அந்தப் பட்டனைப் பிடித்திருக்கும் வரை எல்லாம் மாறி, ஃபோகஸும் ஓடும். விட்டால் பழையபடி ஆகிவிடும். நான் இதை ஏஇஎல் பட்டனில் (வழக்கமாக வெளிச்ச அளவைப் பூட்டுகிற பட்டன்) வைத்திருக்கிறேன். ஏஎஃப்-ஆனுக்கு வலப்பக்கத்தில் கட்டைவிரல் கொஞ்சம் நகர்ந்தால் போதும். ஏஎஃப்-ஆனில் சின்ன ஃப்ளெக்ஸிபிள் ஸ்பாட் (நகர்த்தக்கூடிய சின்ன ஃபோகஸ் கட்டம்), 1/500, உட்கார்ந்த பறவைக்கு. ஏஇஎல்-லில் ஜோன் (பெரிய ஃபோகஸ் பகுதி), 1/2500, வேகமான பர்ஸ்ட் (தொடர் படங்கள்), பறக்கும் பறவைக்கு. கம்பியிலிருந்து அது எழும்பும்போது கண்ணை வியூஃபைண்டரிலிருந்து எடுக்காமல் விரலை மட்டும் நகர்த்துகிறேன். மோடு டயலில் உள்ள பி, ஏ, எஸ், எம் மோடுகளில்தான் இது வேலை செய்யும் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கருப்பு வெள்ளை மீன்கொத்தி அந்தரத்தில் இறக்கை அடித்தபடி ஒரே இடத்தில் நிற்கும், தெரியும்தானே. அதற்கு இது மிகப் பொருத்தம். நிற்கும்போது பிடித்துக்கொண்டால் வரிசையாகக் கிடைக்கும். தலைகீழாகப் பாய்ந்துவிட்டால் இந்த பாடியின் ஃபோகஸ் பின்தொடர்ந்து போய்ப் பிடிப்பது அபூர்வம், அதை எதிர்பார்த்து ஏமாற வேண்டாம். மணக்குடிக் காயலில் ஆலாக்கள் தண்ணீர் மட்டத்தில் தாழ்ந்து பறக்கும்போது பின்னால் தென்னையும் புதரும் வந்துகொண்டே இருக்கும். பறவை புதருக்கு முன்னால் போகும்போது ஃபோகஸ் புதருக்குத் தாவப் பார்க்கும். அங்கேயும் மருந்து அதேதான்: பறவை புதரைக் கடக்கும் வரை விரலை எடுத்து, வெட்டவெளிக்கு வந்ததும் வைப்பது.

200-600 லென்ஸின் கழுத்தில் மூன்று 'ஃபோகஸ் ஹோல்டு' பட்டன்கள் இருக்கின்றன. மூன்றுக்கும் ஒரே வேலைதான் கொடுக்க முடியும். வாங்கும்போது அழுத்தினால் ஃபோகஸ் நிற்கும்படி வரும். பின்பட்டன் பழகியவருக்கு அது தேவையே இல்லை, விரலை எடுத்தாலே நின்றுவிடுகிறதே. அதனால் அதை ஏபிஎஸ்-சி கிராப்புக்கு (சென்ஸாரின் நடுப்பகுதியை மட்டும் பயன்படுத்துவது) மாற்றிவிட்டேன். இடது கை எப்படியும் அந்த இரண்டு கிலோ லென்ஸைத் தாங்கிக்கொண்டு அங்கேதான் இருக்கிறது. தூரத்துக் கூழைக்கடாவுக்கு ஒரு அழுத்து, வியூஃபைண்டரில் பெரிதாகத் தெரியும். படம் 10 மெகாபிக்ஸலாகக் குறையும். எப்படியும் வீட்டில் வெட்டத்தான் போகிறோம், கண்ணுக்குப் பெரிதாகத் தெரிவதால் ஃபோகஸ் புள்ளியைச் சரியாக வைக்க முடிகிறது. இன்னொன்று, இந்த லென்ஸில் ஷட்டரைப் பாதி அழுத்தி வைத்தால் வியூஃபைண்டர் நடுக்கம் அடங்கும். அதனால் ஃபோகஸுக்குத் தேவையில்லை என்றாலும் ஆள்காட்டி விரலைப் பாதி அழுத்தத்தில் வைத்திருப்பேன்.

கன்னியாகுமரி விடியலுக்குப் போகிறவர்கள் எல்லோரும் ஏறக்குறைய ஒரே ஃப்ரேமைத்தான் எடுக்கிறோம்: விவேகானந்தர் பாறை, பக்கத்தில் 133 அடி வள்ளுவர், 2024 டிசம்பர் 30-ல் திறந்தபிறகு இரண்டுக்கும் நடுவே 77 மீட்டர் கண்ணாடிப் பாலமும். பாலம் வந்தபிறகு இரண்டு தனித்தனி உருவங்களாக இருந்த காட்சி ஒரே கோடாகச் சேர்ந்துவிட்டது. எனக்கு அது பிடித்திருக்கிறது. பத்து ஸ்டாப் என்டி ஃபில்டர் (வெளிச்சத்தை வெகுவாகக் குறைக்கும் கறுப்புக் கண்ணாடி) போட்டுக் கடலைப் பனிபோல் ஆக்குகிறவர்களுக்குப் பின்பட்டன் பெரிய நிம்மதி. ஃபில்டரை மாட்டியபின் கேமராவுக்குக் கண்ணே தெரியாது, ஃபோகஸ் முன்னும் பின்னும் அலையும். ஃபில்டர் இல்லாமல் வள்ளுவரின் பீடத்தில் ஒருமுறை ஏஎஃப்-ஆன் அழுத்திவிட்டு, விரலை எடுத்து, பிறகு ஃபில்டரை மாட்டி எத்தனை படம் வேண்டுமானாலும் எடுக்கலாம். ஷட்டர் ஃபோகஸைத் தொடாது. செல்ஃப் டைமரிலும் அப்படித்தான்.

இதில் இரண்டு எச்சரிக்கை. ஜூமை மாற்றினால் மறுபடி ஃபோகஸ் செய்யுங்கள். ஜூமின் எல்லா நீளத்திலும் ஃபோகஸ் அப்படியே நிற்கும் என்று நம்பக்கூடாது. கேமராவை அணைத்து எழுப்பினாலும் அதேபோல. இவை எலக்ட்ரானிக் ஃபோகஸ் லென்ஸ்கள், பழைய இடத்திலேயே நிற்கும் என்ற உத்தரவாதம் கிடையாது.

பாதி அழுத்தம் சும்மா கிடப்பதை வீணாக்க வேண்டாம். 'ஏஇஎல் வித் ஷட்டர்' என்பதை ஆன் செய்தால் பாதி அழுத்தத்தில் எக்ஸ்போஷர் பூட்டிக்கொள்ளும். சூரியன் எழும்பும்போது பக்கத்து வானத்தில் அளவெடுத்துப் பூட்டிக்கொண்டு, ஃப்ரேமைத் திருப்பிச் சூரியனை உள்ளே கொண்டுவரலாம். ஃபோகஸ் கட்டைவிரலில், வெளிச்சம் ஆள்காட்டி விரலில். கல்யாண மண்டபத்துக்குப் போகும்போது மட்டும் இதை ஆட்டோவுக்குத் திருப்பிவிடுவேன். மேடை விளக்கு ஒரு பக்கம், வீடியோக்காரர் விளக்கு இன்னொரு பக்கம் என்று நொடிக்கு நொடி மாறுகிற இடத்தில் பூட்டு வேலைக்கு ஆகாது.

கல்யாணம் என்றதும் ஒரு விஷயத்தை நேராகச் சொல்லிவிடுகிறேன். கண்ணைப் பிடிக்கும் ஃபோகஸ் வந்தபிறகு, மண்டபத்தில் பின்பட்டன் இல்லாமலேயே காரியம் நடக்கும். ஏப்ரல் 2019-ல் வந்த 3.0 ஃபர்ம்வேரில் (கேமராவின் உள் மென்பொருள்) ஏ7 மார்க் 3-க்கு ரியல்-டைம் ஐ ஏஎஃப் கிடைத்தது. அதற்கு முன்பு கண்ணுக்கென்று தனிப்பட்டனைப் பிடிக்க வேண்டியிருந்தது. இப்போது ஏஎஃப்-ஆனைப் பிடித்தாலே போதும், ஷட்டரில் ஃபோகஸ் வைத்திருப்பவர்களுக்குப் பாதி அழுத்தம் போதும். மணப்பெண் கோயில் நடுவழியில் நடந்து வரும்போது இரண்டு முறையும் ஒரே பலனைத்தான் தரும். கல்யாணம் மட்டும் எடுக்கிற தம்பிகள் என்னிடம் கேட்டால், "ஷட்டரிலேயே வைத்துக்கொள், ஒன்றும் குறைந்துவிடாது" என்றுதான் சொல்கிறேன்.

எனக்கு மண்டபத்திலும் பின்பட்டன் பிடித்திருப்பதற்குக் காரணம் தாலி கட்டும் நேரம்தான். அந்த ஒரு நிமிடத்தில் குறுக்கே எத்தனை கை, எத்தனை செல்போன், அட்சதை வேறு. அப்போது மாப்பிள்ளை விரல்களில் ஃபோகஸை நிறுத்திவிட்டு விரலை எடுத்துவிடுவேன். ஆனால் இங்கே கடற்கரைக் கணக்கு செல்லாது. 75 மி.மீ., எஃப்/2.8, இரண்டு மீட்டர் தூரம் என்றால் தெளிவாக இருக்கும் ஆழம் பன்னிரண்டு சென்டிமீட்டர்தான். மாப்பிள்ளை கொஞ்சம் குனிந்தாலே போச்சு. அதனால் எஃப்/4-க்கு மேல் போய்விடுவேன், விரலையும் அடிக்கடி வைத்து வைத்து எடுப்பேன். அதேபோல ஃபோகஸைப் பூட்டிவிட்டு ஃப்ரேமைத் திருப்புகிற பழக்கம் தூரத்துப் பொருளுக்குச் சரி. இவ்வளவு பக்கத்தில் கேமராவைத் திருப்பினாலே ஃபோகஸ் தளம் விலகிவிடும். புள்ளியை நகர்த்திக்கொள்வதுதான் நல்லது.

தோவாளைப் பூச்சந்தைக்கு விடியற்காலையில் போகிறவர்களுக்கும் இது உதவும். பிச்சிப்பூவை அள்ளித் தராசில் கொட்டுகிற கை ஒரே இடத்தில்தான் இயங்கும். குறுக்கே போய்வருகிறவர்கள்தான் அதிகம். தராசில் ஒருமுறை ஃபோகஸ் வைத்துவிட்டு விரலை எடுத்து, கை வந்ததும் ஷட்டர். பல்பு வெளிச்சத்தில் ஒவ்வொரு முறையும் ஃபோகஸ் தேட விட்டால் நல்ல நொடி போய்விடும். 1966-ல் கட்டிய மாத்தூர் தொட்டிப்பாலத்தின் நடைபாதையில் ஆள் நடந்து ஒரு தூணுக்கு நேராக வரும் வரை காத்திருப்பதும் இதே ரகம்.

இனி சிரமங்கள். முதலாவது ஜாய்ஸ்டிக். ஏஎஃப்-ஆனில் கட்டைவிரல் இருக்கும்போது அதற்குக் கீழே இருக்கிற ஜாய்ஸ்டிக்கைத் தொட முடியாது, ஒரு கட்டைவிரல்தானே இருக்கிறது. ஃபோகஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதே புள்ளியை நகர்த்த வேண்டும் என்றால் ஷட்டரில் ஃபோகஸ் வைத்திருப்பவர் ஜெயித்துவிடுவார். இதற்கு முழுத் தீர்வு கிடையாது. லாக்-ஆன் ஃப்ளெக்ஸிபிள் ஸ்பாட்டில் வைத்து, கட்டத்தைப் பொருளின்மேல் வைத்து அழுத்தினால் கேமராவே பின்தொடரும், பாதிச் சிக்கல் தீரும். ஜாய்ஸ்டிக்கின் நடு அழுத்தத்தை 'ஃபோகஸ் ஸ்டாண்டர்ட்' ஆகவே விட்டுவிடுங்கள், ஒரே தட்டில் புள்ளி நடுவுக்கு வந்துவிடும். 'ஸ்விட்ச் வி/ஹெச் ஏஎஃப் ஏரியா'வையும் ஆன் செய்யுங்கள். கேமராவை நிமிர்த்திப் பிடிக்கும்போதும் கிடையாகப் பிடிக்கும்போதும் புள்ளி தனித்தனியாக நினைவில் இருக்கும், ஜாய்ஸ்டிக்குக்கு வேலை குறையும்.

இரண்டாவது, கையால் ஃபோகஸ் திருத்துவது. வேறு சில பிராண்டுகளில் பின்பட்டனை விட்டதும் லென்ஸ் வளையத்தைத் திருப்பிச் சரிசெய்துகொள்ளலாம். ஏ7 மார்க் 3-ல் ஏஎஃப்-சி மோடில் வளையத்தைத் திருப்பினால் ஒன்றும் நடக்காது. டாம்ரான் 28-75-ல் ஏஎஃப்/எம்எஃப் சுவிட்சும் கிடையாது. அதனால் சி3 பட்டனுக்கு 'ஏஎஃப்/எம்எஃப் டாகிள்' (ஆட்டோஃபோகஸ், கையால் ஃபோகஸ் இரண்டையும் மாற்றி மாற்றிப் போடுவது) கொடுத்திருக்கிறேன். ஒரு தட்டு, வளையம் உயிர் பெறும். இன்னொரு தட்டு, பழைய நிலை. இந்தக் குணத்தில் ஒரு நன்மையும் உண்டு: என்டி ஃபில்டரைத் திருகும்போது வளையத்தில் கை பட்டாலும் ஃபோகஸ் கெடாது.

மூன்றாவது வீடியோ. ஏஎஃப் வித் ஷட்டரை ஆஃப் செய்தால் வீடியோவிலும் ஃபோகஸ் நம் கட்டைவிரலுக்குக் கட்டுப்படும் என்று நினைக்க வேண்டாம். வீடியோவில் ஏஎஃப்-சி என்றால் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டேதான் இருக்கும். நிறுத்த வேண்டும் என்றால் அதே டாகிள் வேண்டும். வீடியோவுக்கான கஸ்டம் கீ பக்கம் தனியாக இருக்கிறது. அங்கே ஏஇஎல் பட்டனுக்கு ஏஎஃப்/எம்எஃப் டாகிளைக் கொடுத்துவிட்டேன். வில்லுப்பாட்டுக் கச்சேரியைப் பதியும்போது முன்னால் யாராவது எழுந்து நடந்தால் ஒரே தட்டில் ஃபோகஸ் நின்றுவிடும்.

நாலாவது, கேமராவைப் பிறர் கையில் கொடுப்பது. இரண்டாவது கேமராவுக்கு வந்த தம்பி ஒருவன், "அண்ணே, ஃபோகஸே அடிக்கல, லென்ஸ் போச்சா?" என்று மேடையிலிருந்தே கத்தினான். பாவம், அவனுக்கு வேறென்ன தோன்றும்? 'மை மெனு'வில் முதல் வரியாக ஏஎஃப் வித் ஷட்டரைப் போட்டு வைத்திருக்கிறேன். யாருக்காவது கொடுக்கும்போது ஆன் செய்துவிடுவேன். ஆன் செய்தாலும் ஏஎஃப்-ஆன் பட்டன் வேலை செய்யும். ஆனால் விரலை எடுத்துப் பூட்டிய ஃபோகஸை ஷட்டர் மறுபடி தேடிக் கெடுத்துவிடும் என்பதால் திரும்ப வாங்கியபின் மறக்காமல் ஆஃப் செய்ய வேண்டும்.

மற்ற பட்டன்களை அதிகம் விவரிக்க மாட்டேன். சி1-ல் ஃபோகஸ் ஏரியா. சி2-ல் மனிதக் கண், விலங்குக் கண் மாற்றுவது. விலங்கு என்றால் நாய், பூனைக்குத்தான் இந்த பாடியில் ஒழுங்காக வேலை செய்கிறது, பறவைக்குக் கிடையாது. சி4-க்கு எதுவும் கொடுக்கவில்லை. ஆரம்பத்தில் எல்லாப் பட்டனையும் நிரப்பி வைக்க ஆசை வரும். விரல் தானாகத் தேடிப் போகாத பட்டனை ஒவ்வொன்றாகக் காலி செய்துகொண்டே வந்ததில் இப்போது இருப்பவை மட்டும் மிஞ்சின. இதைவிடக் குறைக்க முடியாது என்று நினைக்கிறேன்.

பழகும் காலம் பற்றியும் சொல்ல வேண்டும். முதல் சில நாட்கள் பின்பட்டனை அழுத்த மறந்து ஷட்டரை மட்டும் அழுத்துவது எல்லோருக்கும் நடக்கும். அதனால் முகூர்த்த நாளுக்கு முந்தின இரவு மாற்றாதீர்கள். ஆடி மாதம் நல்ல நேரம். மண்டப வேலை குறைவு, கடலும் சீற்றமாக இருக்கும், பழக அலைக்குப் பஞ்சமில்லை.

இருட்டில் ஏஎஃப்-ஆனையும் ஏஇஎல்-லையும் விரலால் பிரித்தறிவது கஷ்டம். சைக்கிள் டியூப்புக்கு ஒட்டுகிற பஞ்சர் பேட்ச் ஒன்றை எடுத்துப் பொட்டு அளவுக்கு வட்டமாக வெட்டி, ஏஎஃப்-ஆன் மேல் ஒட்டியிருக்கிறேன். ரப்பர் என்பதால் வியர்வையிலும் வழுக்காது. ஒட்டும்போது பசை ஓரத்தில் வழிந்து பட்டன் இடுக்கில் இறங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். உரிந்து போனால் இன்னொன்று வெட்டிக்கொள்ளலாம்.

உப்பைப் பற்றிச் சொல்லாமல் கடற்கரைக் கேமரா அனுபவம் முழுமையாகாது. அடிக்கடி அழுத்துகிற பட்டனைச் சுற்றித்தான் உப்பு முதலில் சேரும். பின்பட்டன்காரருக்கு அது ஏஎஃப்-ஆன். அழுத்தினால் முன்போல் சட்டென்று எழும்பாமல் கொஞ்சம் சோம்பலாக எழும்பத் தொடங்கினால் உப்பு படிந்திருக்கிறது என்று அர்த்தம். வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் நனைத்து இறுகப் பிழிந்த துணியால் பாடி முழுவதும் துடைத்து, பட்டன் ஓரங்களை மென்மையான பிரஷால் தட்டி, ஃபேன் காற்றில் உலர விடுகிறேன். காய்ந்த துணியால் தேய்த்தால் உப்புப் பரல் கீறிவிடும், முதலில் ஈரத் துணிதான். ஊதுபையால் பட்டன் இடுக்கில் ஓங்கி ஊதக் கூடாது, துகள் உள்ளே போய்விடும். ஆரல்வாய்மொழிப் பக்கம் காற்றாலைகளை எடுக்கப் போகிறவர்களுக்கு உப்புக்குப் பதில் மணல். அங்கே லென்ஸைக் கழற்றவே வேண்டாம்.

வேறு பிராண்டு வைத்திருப்பவர்களுக்கு வழி இது. கேனனில் 'கஸ்டமைஸ் பட்டன்ஸ்' போய் ஷட்டர் பாதி அழுத்தத்துக்கு 'மீட்டரிங் ஸ்டார்ட்' மட்டும் கொடுங்கள். ஏஎஃப்-ஆன் ஏற்கெனவே 'மீட்டரிங் அண்ட் ஏஎஃப் ஸ்டார்ட்'-ல் இருக்கும். நிக்கான் இசட் 6 போன்ற பாடிகளில் கஸ்டம் செட்டிங்கில் 'ஏஎஃப் ஆக்டிவேஷன்' என்பதை 'ஏஎஃப்-ஆன் ஒன்லி' ஆக்க வேண்டும். ஃபியூஜியில் பட்டன்/டயல் பக்கத்தில் 'ஷட்டர் ஏஎஃப்' ஆஃப். பின்னால் ஏஎஃப்-ஆன் என்று தனிப்பட்டன் இல்லாத மாடல்களில் ஏஇ-எல் பட்டனுக்கு ஏஎஃப்-ஆன் வேலையைக் கொடுத்துவிட்டால் அதே பலன்.

எல்லாம் அமைத்து முடித்ததும் கஸ்டம் கீ பக்கங்களைச் செல்போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சர்வீஸுக்குக் கொடுத்து வாங்கினாலோ, கேமராவை ரீசெட் செய்ய வேண்டி வந்தாலோ எல்லாம் பழைய நிலைக்குப் போய்விடும். அப்போது அந்தப் படங்களைப் பார்த்துப் பத்து நிமிடத்தில் மறுபடி அமைத்துவிடலாம்.